கணக்கை முடித்துக்கொண்டு புறப்படுதல்: ஒரு பொதுக்கருத்துக்கு மறுப்பு

ஒரு நாட்டில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு வேறொரு நாட்டில் நிலையாகக் குடியேறுகிறவர், புறப்படுவதற்கு முன் தம் ஓய்வுகாலச் சேமிப்பு முழுவதையும் கணக்கு முடித்து எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது புதிய நாட்டின் ஓய்வூதிய நிதியத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது இன்று ஏறத்தாழ எவரும் கேள்வி கேட்காத அறிவுரையாக நிலைபெற்றிருக்கிறது. உறவினர் அதைச் சொல்கிறார்கள், உடன் வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் நிரப்பித் தரும் முகவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். ஆள் வாழும் நாட்டில்தான் அவருடைய பணமும் இருக்க வேண்டும் என்ற எண்ணமே இதன் அடிப்படை. விட்டுவந்த நாட்டின் நாணயம் மதிப்பிழக்கும், அங்குள்ள அரசு விதிகளை மாற்றும், தொலைவில் கிடக்கும் கணக்கு காலப்போக்கில் மறந்துபோகும் என்ற மூன்று அச்சங்கள் அந்த எண்ணத்தைத் தாங்கி நிற்கின்றன. அச்சங்கள் மூன்றும் உண்மையானவை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறானது. ஏனெனில் ஓய்வுகாலச் சேமிப்பு என்ற ஒரே பெயருக்குள் தன்மையால் வேறுபட்ட இரண்டு பொருள்கள் இருப்பதை அது காணவில்லை.

முதலாவது வைப்புநிதி. ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் தொகை ஊழியரின் பெயரில் வட்டியோடு சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட நாளில் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதில் இருப்பது பணம் மட்டுமே. இரண்டாவது ஓய்வூதிய உரிமை. இதிலும் பங்களிப்பு செலுத்தப்படுகிறது என்றாலும், செலுத்தியவருக்குச் சேர்வது ஒரு தொகையன்று, பணிக்காலம். இத்தனை ஆண்டு பணிக்காலம் நிறைந்தவருக்கு இத்தனை வயதிலிருந்து சாகும்வரை மாதந்தோறும் இவ்வளவு, அவருக்குப் பின் துணைவருக்கும் குழந்தைகளுக்கும் இவ்வளவு என்பது அந்தப் பணிக்காலம் தரும் உரிமை. வைப்புநிதியை மொத்தமாக எடுக்கிறவர் தமக்குரியதைத் தமக்குரிய வடிவில் பெறுகிறார். ஓய்வூதிய உரிமையை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்கிறவரோ தம் பணிக்காலத்தை விற்கிறார், அதுவும் பெரும்பாலான நாடுகளில் வாங்குபவர் நிர்ணயித்த விலைக்கு விற்கிறார்.

இந்த வேறுபாடு தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் எளிதில் கண்ணில் படாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த அல்லது அதிலிருந்து அண்மையில் விடுபட்டிருந்த நாடுகள், ஐரோப்பாவைப் போலச் சமூகக் காப்பீட்டு ஓய்வூதியத்தை உருவாக்காமல், நிர்வாகத்துக்கு எளிதான வைப்புநிதி முறையையே தேர்ந்துகொண்டன. மலாயாவில் 1951இலும், இந்தியாவில் 1952இலும், சிங்கப்பூரில் 1955இலும், இலங்கையில் 1958இலும் அத்தகைய நிதிகள் தோன்றின. நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுகிறவர் தம் பெயரிலுள்ள தொகையைக் கேட்டுப் பெறலாம் என்ற விதி இந்த நான்கு நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆகவே இந்நாடுகளில் வேலை பார்த்தவர்களின் மனத்தில், வெளியேறுவதும் கணக்கை முடிப்பதும் ஒரே செயலின் இரண்டு பாதிகளாகப் பதிந்துவிட்டன. அவர்களுடைய பிள்ளைகள் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் சென்று அங்கே முற்றிலும் வேறான அமைப்புகளுக்குள் பங்களிப்பு செலுத்தியபோதும், வீட்டில் கேட்டுப் பழகிய அந்த வைப்புநிதி அறிவுரையே அவர்களோடு சென்றது. கேடு அங்கேதான் விளைகிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், அங்கே சட்டப்படியான ஓய்வூதியக் காப்பீட்டுக்கு ஊதியத்தில் 18.6 விழுக்காடு செலுத்தப்படுகிறது. பாதியை ஊழியரும் பாதியை முதலாளியும் தருகிறார்கள். ஓய்வூதியம் பெறுவதற்குக் குறைந்தது 60 மாதப் பங்களிப்பு வேண்டும். அதற்குக் குறைவாகச் செலுத்திவிட்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே சென்றுவிடும் இந்தியர், 24 மாதங்கள் கழித்துத் தம் பங்களிப்பைத் திரும்பக் கேட்கலாம். கேட்டால் கிடைப்பது அவர் செலுத்திய பாதி மட்டுமே. முதலாளி செலுத்திய பாதி காப்பீட்டு நிறுவனத்திடமே தங்கிவிடும், அவருடைய பணிக்காலமும் அத்துடன் அழியும். மாதம் 4,000 யூரோ ஊதியத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவருக்குத் திரும்ப வரும் தொகை 17,800 யூரோவுக்குச் சற்று மேல். அதே நான்கு ஆண்டுகளை அவர் அழிக்காமல் வைத்திருந்தால், 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஓய்வூதிய மதிப்பின்படி அவருக்கு மாதம் ஏறத்தாழ 150 யூரோ உரிமை சேர்ந்திருக்கும், அந்த மதிப்பும் ஜெர்மானிய ஊதியங்களின் உயர்வையொட்டி ஆண்டுதோறும் திருத்தப்படும்.

நான்கு ஆண்டுகள் 60 மாதங்களை எட்டவில்லையே, அந்த உரிமை எப்படிக் கைக்கு வரும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடையாகத்தான் நாடுகள் தமக்குள் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொள்கின்றன. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான விரிவான ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மையம் பணிக்காலக் கூட்டல் என்னும் ஏற்பாடு: ஒரு நாட்டில் தகுதிக்கு வேண்டிய காலம் குறைந்தால், மற்ற நாட்டில் பங்களிப்பு செலுத்திய காலத்தையும் சேர்த்து எண்ணித் தகுதியை முடிவுசெய்வார்கள், தொகையை மட்டும் ஒவ்வொரு நாடும் தன்னிடம் உழைத்த காலத்துக்கேற்பத் தரும். இங்கே பணம் எல்லையைக் கடப்பதில்லை. கடப்பது பணிக்காலம். ஒரு காசும் நாடுமாறாமலேயே இரண்டு நாடுகளில் துண்டுபட்ட உழைப்பு ஒரே வாழ்நாள் உழைப்பாக எண்ணப்படுகிறது. ஓய்வுகாலச் சேமிப்பை மாற்றுவது என்பதற்கு மனித அறிவு இதுவரை கண்டுபிடித்த வழிகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. மொத்தத் தொகையைக் கேட்டுக் கையெழுத்திடுகிறவர் இந்த வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார்.

ஜப்பானில் இழப்பு இன்னும் கடுமையானது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ பங்களிப்பு செலுத்திய வெளிநாட்டவர், நாட்டைவிட்டு வெளியேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு விலகல் தொகையைப் பெறலாம். அந்தத் தொகை கணக்கிடப்படுவது 2021 ஏப்ரலுக்குப் பின் அதிகபட்சம் 60 மாதங்களுக்கு மட்டுமே, ஊழியர் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை அதிலும் 20.42 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படும். ஆனால் பெற்றுக்கொண்டபின் அழிவதோ 60 மாதங்கள் மட்டுமல்ல, அதுவரை சேர்ந்த பணிக்காலம் முழுவதும். எட்டு ஆண்டுகள் உழைத்தவர் ஐந்து ஆண்டுகளுக்கான தொகையை வாங்கிக்கொண்டு எட்டு ஆண்டுகளையும் இழக்கிறார். ஜப்பானிய ஓய்வூதியத்துக்கு வேண்டிய குறைந்தபட்சக் காலம் 25 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக 2017 ஆகஸ்ட்டில் குறைக்கப்பட்டது. இந்தியாவுடனான ஒப்பந்தம் அதற்கு முன்பே, 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டு ஆண்டு உழைத்த அந்த ஊழியருக்கு இந்தியாவில் இரண்டு ஆண்டு ஓய்வூதியப் பணிக்காலம் இருந்திருந்தால் போதும், தகுதி நிறைவடைந்திருக்கும். விலகல் தொகை பெறுவோரின் பணிக்காலம் அழியும் என்று ஜப்பானிய ஓய்வூதிய அமைப்பு வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை, கணக்கை முடித்துவிடு என்ற பழைய அறிவுரையின் பேரொலியில் கேட்காமல் போய்விடுகிறது.

திரும்பப் பெற்ற தொகையைப் பங்குச் சந்தையில் முப்பது ஆண்டுகள் வைத்திருந்தால் அந்த ஓய்வூதியத்தைவிடக் கூடுதலாக வரும் என்று ஒருவர் கணக்குக் காட்டலாம். ஆறு விழுக்காடு வளர்ச்சியை வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு தப்புமல்ல. ஆனால் அந்தக் கணக்கு, தொகை முப்பது ஆண்டுகள் தொடப்படாமல் இருக்கும் என்று கருதிக்கொள்கிறது. நாடுமாறும் குடும்பத்துக்கு அந்தத் தொகை கைக்கு வரும் நேரம் எது? வீட்டு முன்பணம், பயணச் செலவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், புதிய வேலை கிடைக்கும்வரையிலான மாதங்கள் என எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும் நேரம். முதுமைக்கென்று ஒதுக்கிய பணம் இளமையின் மிக நெருக்கடியான ஆண்டில் வந்து சேர்ந்தால் அது முதுமைவரை நிற்காது. இதில் அந்தக் குடும்பத்தின் மேல் குற்றமில்லை, அந்த நேரத்தில் பணத்தைக் கையில் கொடுக்கும் ஏற்பாட்டின் மேல்தான் குற்றம். மேலும், எண்பது வயதைத் தாண்டியும் வாழ்ந்துவிடுவதற்கு எதிரான காப்பு, இடையில் இறந்துபோனால் துணைவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் ஆகிய இரண்டையும் சந்தை முதலீடு தருவதில்லை என்பதால், இரண்டு தொகைகளை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே பிழையான ஒப்பீடு.

இந்தியாவைவிட்டுச் செல்கிறவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. காரணம், இந்திய அமைப்பில் மேற்சொன்ன இரண்டு பொருள்களும் ஒரே கணக்கு எண்ணின் கீழ் ஒட்டியிருக்கின்றன. முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு, மாதம் 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்புக்கு உட்பட்டு, அதாவது 1,250 ரூபாய்வரை, 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மிச்சமும் ஊழியரின் முழுப் பங்கும் வைப்புநிதியில் சேர்கின்றன. வைப்புநிதியை எடுக்கப் படிவம் 19, ஓய்வூதியத் தொகையை எடுக்கப் படிவம் 10சி என இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள் இருந்தும், நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே நிரப்புவது வழக்கமாகிவிட்டது. பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தாம் எடுத்தது இரண்டு என்பதும், அவற்றுள் ஒன்று தம் பணிக்காலத்தின் விலை என்பதும் தெரியாது.

பத்தாண்டுப் பணிக்காலம் நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுக்கும் வழியே இல்லை. அவர்கள் 58 வயதில், அல்லது குறைந்த அளவில் 50 வயதிலிருந்து, மாத ஓய்வூதியம் பெறலாம். பத்தாண்டுக்குக் குறைவானவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: ஓர் அட்டவணைப்படியான விலகல் தொகை, அல்லது பணிக்காலத்தைப் பதிவுசெய்து பாதுகாக்கும் திட்டச் சான்றிதழ். ஒன்பது ஆண்டு பணிக்காலத்துக்கு விலகல் தொகை ஏறத்தாழ 1,40,000 ரூபாய் என்பதால் மக்கள் முதல் வழியை நாடுவது புரிந்துகொள்ளத்தக்கதே. இரண்டாவது வழியில் கிடைக்கும் ஓய்வூதியமும் பெரிதல்ல: உச்சவரம்பு ஊதியத்தில் பத்தாண்டுக்கு மாதம் 2,143 ரூபாய், 35 ஆண்டுக்கே 7,500 ரூபாய்தான். விலைவாசிக்கேற்ற உயர்வும் அதில் இல்லை. 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றது. இந்தச் சிறுமையை மறைத்துவிட்டு இந்திய ஓய்வூதியத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் திட்டச் சான்றிதழின் மதிப்பை அந்த 2,143 ரூபாயால் மட்டும் அளப்பதும் நேர்மையாகாது. இந்தியா பெல்ஜியத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 2009 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிரான்ஸ், தென்கொரியா, நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளுடன் ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளன. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை அந்நாட்டில் வாழ்ந்தபடி பெறுவதற்குப் பதினெட்டு வயதுக்குமேல் பத்தாண்டுக் குடியிருப்பு வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியில், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நிரந்தரமாகக் குடியேறும் ஒருவருக்கு அந்தப் பத்தாண்டை எட்டுவது எளிதல்ல. ஒப்பந்தத்தின் வழியே இந்தியப் பங்களிப்புக் காலம் சேர்த்து எண்ணப்படும்போது, அவர் கனடாவில் வாழ்ந்த ஆண்டுகளுக்குரிய பங்கு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். விலகல் தொகை வாங்கி அழித்துவிட்ட பணிக்காலத்தைக் கொண்டு அத்தகைய கோரிக்கையை எழுப்ப இடமில்லை. இளம் வயதில் இந்தியாவைவிட்டுச் செல்கிறவருக்கு இதன் பயன் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளலாம். நடுவயதில் செல்கிறவருக்கு இது முதுமையின் அடிப்படை வருமானமாகவே அமையக்கூடும்.

ஒப்பந்தம் எதுவும் தேவைப்படாத ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றி இந்த விவாதத்தில் ஏறத்தாழ யாரும் பேசுவதே இல்லை. வைப்புநிதித் திட்டத்தின் 69ஆம் பத்தி, நிரந்தரக் குடியேற்றத்துக்கு மட்டுமன்றி வெளிநாட்டில் வேலைக்குச் செல்வதற்கும் முழுத் தொகையையும் எடுக்க இடம் தருகிறது. திருப்பூரிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஆறேழு ஆண்டுகள் ஆலைவேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறவர் இரண்டு படிவங்களையும் நிரப்பிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். அவர் போகும் நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பொதுவாக மாத ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது ஒரு பணிக்கொடையே கிடைக்கும். குடியுரிமை அவருக்கு எட்டாக் கனி. ஐம்பது வயதைத் தாண்டி அவர் ஊர் திரும்பியே ஆக வேண்டும், திரும்பும்போது அவருடைய வாழ்நாளில் மாத ஓய்வூதியம் தரக்கூடிய ஒரே பணிக்காலம், புறப்படும் முன் ஒரு சிறு தொகைக்கு அவர் அழித்துவிட்ட அந்த ஆறேழு ஆண்டுகள்தான் என்பதை உணர்கிறார். சான்றிதழை வைத்திருந்தால், திரும்பிவந்தபின் மூன்று நான்கு ஆண்டு வேலையைச் சேர்த்துப் பத்தாண்டை நிறைத்திருக்கலாம். பத்தாண்டு நிறைந்தபின் வேலையில் இல்லாத காலத்தில், 58 வயதுக்கு முன் அவர் இறந்திருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் கிடைத்திருக்கும், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயதுவரை தனித்தொகையும் கிடைத்திருக்கும். நிரந்தரமாகக் குடியேறும் மென்பொருள் வல்லுநருக்காகச் சொல்லப்பட்ட அறிவுரை, குடியேறவே முடியாத தொழிலாளியை மிகக் கடுமையாகத் தாக்குகிறது.

கணக்கை முடிப்பதைவிட மாற்றுவது நாகரிகமான வழி என்று கருதுவோர் பிரிட்டனைச் சான்று காட்டுவார்கள். ஓய்வூதிய நிதியை நேரடியாக வெளிநாட்டு நிதியத்துக்கு மாற்றும் சட்டவழியை உலகில் விரிவாகத் திறந்துவைத்த நாடு அது. 2006 ஏப்ரலிலிருந்து, வரித்துறையின் நிபந்தனைகளை நிறைவுசெய்யும் வெளிநாட்டு நிதியங்களுக்குப் பிரிட்டிஷ் சேமிப்பை மாற்றலாம். அந்த வழியின் இருபதாண்டு வரலாறு, அதைச் சான்று காட்டுகிறவர்களுக்கே எதிராக நிற்கிறது. 55 வயதுக்கு முன் பணத்தை எடுக்க இடம் தரும் நிதியங்கள் தகுதியற்றவை என்று 2015 ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது. நிதி நெருக்கடியிலோ உடல்நலக் குறைவிலோ முன்கூட்டியே எடுக்க உள்நாட்டுச் சட்டம் இடம் தருவதால், ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ எல்லா நிதியங்களும் ஒரே வீச்சில் தகுதியிழந்தன. நியூசிலாந்தின் கிவிசேவர் நிதியங்களும் தகுதியை இழந்தன. ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரிட்டிஷ் ஊழியர் இன்று மாற்ற விரும்பினால், 55 வயதைக் கடந்தவர்களை மட்டும் சேர்க்கும் விதியுடன் தாமே நடத்தும் சொந்த நிதியம் ஒன்றை அமைப்பதுதான் ஏறத்தாழ ஒரே வழி; அதற்கான தணிக்கைச் செலவையும் சட்டப் பொறுப்பையும் ஆண்டுதோறும் அவரே சுமக்க வேண்டும்.

2017 மார்ச் 9 முதல் 25 விழுக்காட்டு வெளிநாட்டு மாற்றுக் கட்டணம் வந்தது. மாற்றுகிறவர் அந்த நிதியம் உள்ள நாட்டிலேயே வாழ்ந்தால் விலக்கு உண்டு. ஆனால் மாற்றியபின் ஐந்து வரி ஆண்டுகளுக்குள் அவர் வேறொரு நாட்டுக்குச் சென்றுவிட்டால் விலக்கு பறிபோய் கால் பங்கு கட்டணம் அவர்மேல் விழக்கூடும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு இருந்த பொது விலக்கும் 2024 அக்டோபர் 30 வரவுசெலவுத் திட்டத்தில் அன்றே நீக்கப்பட்டது. மறுபக்கத்தில் ஆஸ்திரேலியாவும் சும்மா இருக்கவில்லை: வரிக் குடியிருப்பாளராகி ஆறு மாதங்களுக்குப் பின் வந்துசேரும் தொகையில், குடியேறியபின் வளர்ந்த பகுதிக்கு வரி உண்டு, ஓர் ஆண்டில் நிதியத்துக்குள் போடக்கூடிய, வரிச்சலுகை பெறாத பங்களிப்புக்கு 2025-26இல் 1,20,000 டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு, மூன்று ஆண்டு வரம்பை முன்கூட்டிச் சேர்த்துக்கொண்டாலும் அது 3,60,000 டாலரோடு நின்றுவிடும். விட்டுச்செல்லும் நாடும் சென்றுசேரும் நாடும் தத்தம் வரி வருவாயைக் காப்பதற்காக எழுப்பிய இந்தத் தடைகள் தற்செயலானவை அல்ல. ஓய்வுகாலச் சேமிப்பு என்பது ஓர் அரசு தன் வரியை விட்டுக்கொடுத்து வளர்த்த பணம். அந்த வரியை முதுமையில் வசூலிக்கும் உரிமையை எந்த அரசும் மனமுவந்து மற்றோர் அரசிடம் ஒப்படைக்காது. ஆகவே இன்று எளிதாகத் தோன்றும் மாற்றுவழி நாளையும் திறந்திருக்கும் என்று நம்பி எடுக்கும் முடிவு, விதி மாற்றத்துக்கு அஞ்சியே கணக்கை மாற்றச் சொல்லும் வாதத்தைத் தானே முறியடிக்கிறது.

உண்மையாகவே நன்றாக இயங்கும் ஒரு மாற்றுவழி உண்டென்றால் அது நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 2013 ஜூலையில் தொடங்கியதுதான். அதிலும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கிவிசேவர் பணத்தை நியூசிலாந்தின் 65 வயது விதிப்படிதான் எடுக்க முடியும், அதைச் சொந்த நிதியத்துக்குள் கொண்டுபோகவும் முடியாது. பணம் கடல் கடந்தாலும் பிறந்த நாட்டின் சட்டம் அதைத் தொடர்ந்து செல்கிறது. ஆஸ்திரேலியாவின் சொந்த நடைமுறையும் இதையே காட்டுகிறது: தற்காலிக விசாவில் வேலை பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர் சூப்பர் எனப்படும் தம் ஓய்வுகால நிதித் தொகையைப் பெறும்போது பொதுவாக 35 விழுக்காடும், விடுமுறைக்கால வேலை விசாவில் வந்தவர் 65 விழுக்காடும் வரியாக இழக்கிறார்கள், நிரந்தரக் குடியிருப்பாளரோ குடிமகனோ நாட்டைவிட்டு என்றென்றைக்குமாகச் சென்றாலும் முதுமை வரும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது.

பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தைப் பற்றிய குறை மட்டும் முழுக்க நியாயமானது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு ஆண்டு உயர்வு மறுக்கப்படுகிறது. ஏறத்தாழ நான்கரை லட்சம் பேரின் ஓய்வூதியம், முதன்முதலில் பெற்ற அன்றைய தொகையிலேயோ நாட்டைவிட்டுப் புறப்பட்ட அன்றைய தொகையிலேயோ உறைந்து நிற்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் இதைச் சட்டமீறல் அல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு எதுவாயினும் இது அநீதி. ஆனால் அரசு ஓய்வூதியத்தை எவரும் எங்கும் மாற்ற முடியாது என்பதால், கணக்கை மாற்றும் அறிவுரை இந்த முதியவர்களுக்கு ஒரு பென்னியும் கூட்டித் தராது. இவர்களைக் காக்கக்கூடியது நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் ஒன்றே. அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு ஆண்டு உயர்வு கிடைப்பது அத்தகைய ஏற்பாடுகளால்தான்.

நாணய மதிப்பைப் பற்றிய வாதம் பெரும்பாலும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. 2010இல் ஏறத்தாழ 46 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர் 2025 தொடக்கத்தில் 85 ரூபாயைத் தாண்டியது உண்மை. அதே பதினைந்து ஆண்டுகளில் இந்திய வைப்புநிதி வட்டி ஓர் ஆண்டிலும் 8.1 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை என்பதும் உண்மை. அந்த வட்டியோடு வளர்ந்த தொகை டாலர் கணக்கில் ஏறத்தாழ 1.8 மடங்காகியிருக்கும், வேலையைவிட்ட பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதால் கையில் நிற்பது அதைவிடக் குறைவு என்றாலும், இழப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அமெரிக்க வங்கிச் சேமிப்புக் கணக்குகள் வட்டியென்று ஏறத்தாழ எதையும் தரவில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதாரப் பேரிடர் இதற்கு எதிரான மிக வலுவான சான்று, அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. சில மாதங்களுக்குள் டாலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குச் சென்றது. விலைவாசி உயர்வு அவ்வாண்டு செப்டம்பரில் 70 விழுக்காட்டைத் தொட்டது. அந்நாட்டு வைப்புநிதியான ஊழியர் சேமலாப நிதியத்தின் வட்டி அதற்கு அருகிலேயே வரவில்லை. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த நிதியம் வைத்திருந்த அரசுக் கடன் பத்திரங்களின் நிபந்தனைகளும் மாற்றப்பட்டன. 2021இல் புலம்பெயர்ந்து சேமலாபத் தொகையை எடுத்துச் சென்றவர்கள் சரியானதையே செய்தார்கள். ஆனால் சேமலாப நிதியம் தூய வைப்புநிதி. எடுத்தால் அழிவதற்கு அதில் பணிக்கால உரிமை எதுவும் இல்லை. பணமாக மட்டும் இருப்பதைப் பணமாகக் கருதி, நாணயத்தையும் வரியையும் பார்த்து எடுப்பதிலோ வைப்பதிலோ பிழையில்லை. இந்திய வைப்புநிதிக்கும் இதுவே பொருந்தும். ஐந்தாண்டுத் தொடர் பணிக்காலம் நிறைந்துவிட்டதா, தாம் இன்னும் இந்திய வரிக் குடியிருப்பாளரா, செல்லும் நாடு அந்தத் தொகைக்கு வரி விதிக்குமா என்பவற்றை நிதானமாகப் பார்த்து முடிவெடுக்கலாம். வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவிலுள்ள தம் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர்வரை வெளியே அனுப்ப முடியும் என்பதால், புறப்படும் வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

அவசரம் இல்லாத இடத்தில் அவசரத்தை உண்டாக்குவது சட்டமே என்பதுதான் இந்த விவாதத்தில் மிகுந்த வருத்தம் தரும் பகுதி. வைப்புநிதித் திட்டத்தின் 72ஆம் பத்தி, 55 வயதுக்குப்பின் ஓய்வுபெற்றவர், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர், இறந்தவர் ஆகிய மூவரையும் ஒரே வரியில் வைத்து, இவர்களுக்காக 36 மாதங்களுக்குள் எவரும் விண்ணப்பிக்காவிட்டால் கணக்கைச் செயலற்றதாக ஆக்குகிறது. செயலற்ற கணக்குக்கு வட்டி நின்றுவிடும். குடியேறியவரை இறந்தவருக்கு நிகராக வைக்கும் இந்த விதியே, போகிறாய் என்றால் எடுத்துக்கொண்டு போ என்ற அறிவுரைக்கு அரசு முத்திரை குத்துகிறது. எதிர்த்திசையில் வருகிறவர்களிடம் இதே இந்தியா வேறுவிதமாக நடந்துகொள்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளிலிருந்து திரும்பிவருவோர் அங்குள்ள ஓய்வூதியக் கணக்குகளை அங்கேயே விட்டுவைத்து, எடுக்கும் ஆண்டில் மட்டும் வரி செலுத்தலாம் என்று 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ பிரிவைச் சேர்த்தது. ஓய்வுகாலச் சேமிப்பு உருவான நாட்டிலேயே இருந்து முதுமையில் பயன்படட்டும் என்ற கொள்கையை இந்திய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வருகிறவர்களுக்கு ஏற்றுக்கொண்ட அந்தக் கொள்கையைப் போகிறவர்களுக்கும் விரித்து, 72ஆம் பத்தியிலிருந்து குடியேறியவரை நீக்கி, 58 வயதுவரை அவர் கணக்குக்கு வட்டி தருவதும், படிவம் 10சியில் விலகல் தொகையைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அவர் அழிக்கப்போகும் பணிக்காலம் எவ்வளவு, எந்தெந்த நாட்டு ஒப்பந்தங்களில் அது எண்ணப்படும் என்பதை எழுத்தில் தெரிவித்தபின்னரே கையெழுத்து வாங்குவதும் தொழிலாளர் அமைச்சகத்தின் உடனடிக் கடமைகள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பைச் செலுத்திவிட்டு, நாற்பது காலாண்டுகள் நிறையும் முன் திரும்பி, செலுத்தியதில் எதையுமே பெறாமல் போகும் இந்திய ஊழியர்களுக்காக அந்நாட்டுடன் ஓர் ஒப்பந்தத்தை எட்டும் வேலையும் இன்னும் முடியாமல் கிடக்கிறது.